ஆண்ட்ராய்டு என்னும் சொல்: வாசகர் கேள்வி – பதில்

மனித உருவில் அமைந்த இயந்திரங்களைப் பற்றிய செய்திகள் தொடர்ந்து வெளிவருவதாலோ என்னவோ, அவற்றைக் குறிக்கும் சொற்களைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளை இங்கே ஒருசேர எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ‘ஆண்ட்ராய்டு’ என்பது கைப்பேசியை இயக்கும் மென்பொருளின் பெயர் என்றுதான் எண்ணியிருந்தேன். மனிதனைப் போன்ற ரோபோவுக்கும் அதுவே பெயர் என்று அண்மையில் படித்தேன். இவற்றுள் எது முந்திய பொருள்? அச்சொல் எங்கிருந்து வந்தது?

பதில்: மனித உருவ இயந்திரம் என்பதே முந்திய பொருள். கைப்பேசி மென்பொருளுக்கு அப்பெயர் வந்து இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. சொல்லுக்கோ ஏறத்தாழ நானூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

கிரேக்க மொழியில் ‘அனேர்’ என்றால் ஆண்மகன். அச்சொல் வேற்றுமை ஏற்கும்போது ‘ஆந்த்ரோஸ்’ என்று திரியும். ‘எய்தோஸ்’ என்றால் உருவம், தோற்றம். இவ்விரண்டையும் சேர்த்து, ‘ஆண்மகனின் உருவம் கொண்டது’ என்ற பொருளில் ஐரோப்பிய அறிஞர்கள் ‘ஆந்த்ராய்டெஸ்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். சொல்லின் முற்பகுதியை ‘ஆண்ட்ரோஜன்’ என்னும் ஆண்பால் ஹார்மோன்களின் பெயரிலும் காணலாம்.

பிற்பகுதியாகிய ‘ஆய்டு’ என்பதைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒன்றைப் போன்ற தோற்றம் உடையது, ஆனால் அதுவே அன்று என்பதே அதன் குறிப்பு. வானியலில் வழங்கும் ‘ஆஸ்டிராய்டு’ என்ற பெயர் இதற்குத் தெளிவான சான்று. 1802இல் வில்லியம் ஹெர்ஷல் அப்பெயரைக் கையாண்டபோது, தொலைநோக்கியில் பார்த்தால் விண்மீனைப் போல வெறும் புள்ளியாகத் தெரிகிற, ஆனால் விண்மீன் அல்லாத சிறு கோள்களையே அவர் குறிப்பிட்டார். ஆண்ட்ராய்டும் அவ்வாறே மனிதனைப் போலத் தோன்றுவதை மட்டும் சொல்கிறது. அந்த இயந்திரம் சிந்திக்குமா, உழைக்குமா, எதனால் செய்யப்பட்டது என்பன பற்றிச் சொல்லில் ஒரு குறிப்பும் இல்லை.

இச்சொல்லின் தொடக்கக் காலம் ஒரு பழங்கதையோடு பின்னிக் கிடக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மானியத் துறவியும் பேரறிஞருமான ஆல்பெர்ட்டஸ் மாக்னஸ், முப்பது ஆண்டுகள் உழைத்துப் பேசும் செயற்கை மனிதன் ஒன்றைச் செய்தார் என்றும், அதன் ஓயாத பேச்சைப் பொறுக்க மாட்டாமல் அவருடைய மாணவர் தாமஸ் அக்வினாஸ் அதை அடித்து நொறுக்கிவிட்டார் என்றும் பிற்காலத்தில் ஒரு கதை பரவியது. அது கதையே, ஆல்பெர்ட்டஸ் மறைந்து நெடுங்காலம் கழித்தே வழங்கத் தொடங்கியது. மந்திரவாதிகள் என்று பழி சுமத்தப்பட்ட பெரியோர்களுக்காக வாதாடி பிரெஞ்சு அறிஞர் காப்ரியேல் நோதே 1625இல் ஒரு நூலை வெளியிட்டார். ஆல்பெர்ட்டஸின் இந்தச் செயற்கை மனிதனைப் பற்றிய கட்டுக்கதையை ஆராயும் இடத்தில் ‘ஆண்ட்ராய்டு’ என்ற சொல் அந்நூலில் வருகிறது. 1657இல் அந்நூல் ஆங்கிலத்துக்குப் போனபோது சொல்லும் உடன் சென்றது. ஆக, இன்று முழுக்க முழுக்க அறிவியலின் சொல்லாகத் தோன்றும் ஒன்று, மாயவித்தையைப் பற்றிய வழக்காடலில்தான் முதன்முதலில் தலைகாட்டியிருக்கிறது.

1728இல் லண்டனில் எஃப்ரெய்ம் சேம்பர்ஸ் வெளியிட்ட கலைக்களஞ்சியம் இச்சொல்லுக்குத் தனித் தலைப்பே கொடுத்தது. மனித உருவில் அமைந்து, விற்சுருள்கள் முதலியவற்றின் விசையால் நடக்கவும் பேசவும் கூடிய தானியங்கி என்ற பொருளை அங்கே காணலாம். மாயவித்தை விலகி விசை வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். அடுத்த பத்தாண்டிலேயே அந்த விளக்கத்துக்கு ஏற்ற பொறி ஒன்று உண்மையாகவே உருவானது. ழாக் த வோக்கான்சோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1738இல் பாரிஸ் மக்களுக்குக் காட்டிய குழலிசைப் பொறி, உள்ளே துருத்திகள் காற்றை அனுப்ப, உதடுகளும் நாவும் அக்காற்றை நெறிப்படுத்த, விரல்கள் துளைகளை மூடித் திறக்க, மெய்யாகவே குழல் ஊதியது. பாட்டை உள்ளே ஒரு பெட்டியில் ஒளித்துவைத்துவிட்டு பொம்மையைச் சும்மா அசைத்துக்காட்டும் ஏமாற்று அதில் இல்லை. 1751இல் திதரோவும் தலாம்பேரும் வெளியிடத் தொடங்கிய புகழ்பெற்ற பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியில், ‘ஆண்ட்ராய்டு’ என்ற கட்டுரையைத் தலாம்பேரே எழுதினார்; அக்கட்டுரையின் பெரும்பகுதி இந்தக் குழலிசைப் பொறியின் உள்ளமைப்பை விளக்குவதுதான். கட்டுக்கதையின் பெயர் ஒரு கைவினைப் பொருளின் பெயராக நிலைபெற்றது அங்கேதான் என்பது என் கருத்து.

அக்காலத்து ஆண்ட்ராய்டுகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியேர் ஜாக்கே-த்ரோ என்ற கடிகாரக் கலைஞர் தம் மகனோடும் உதவியாளர்களோடும் சேர்ந்து 1768க்கும் 1774க்கும் இடையில் செய்த மூன்று பொம்மைகள் நோஷாட்டெல் நகரின் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுள் ஒன்று, சிறுவன் உருவில் அமர்ந்து, இறகுப் பேனாவை மையில் தோய்த்து, நாற்பது எழுத்துகள் வரை நாம் அமைத்துக் கொடுக்கும் எந்த வாசகத்தையும் எழுதிக்காட்டும். ஏறத்தாழ 6,000 உறுப்புகள் அந்தச் சிற்றுடலுக்குள் அடங்கியுள்ளன. மின்சாரமும் கணினியும் இல்லாத காலத்தில், வாசகத்தை மாற்றினால் செயலும் மாறும்படி ஒரு பொறியை அமைத்த அந்தக் கைத்திறனை எத்தனை முறை பாராட்டினாலும் தகும்.

கேள்வி: ‘ஆண்ட்ராய்டு’ என்ற சொல்லில் நம் ‘ஆண்’ என்ற தமிழ்ச் சொல்லே ஒளிந்திருப்பதாக நண்பர் ஒருவர் வாதிடுகிறார். கிரேக்கச் சொல்லுக்கும் ஆண் என்றே பொருள் இருப்பதால் இது உண்மையாக இருக்குமோ?

பதில்: இல்லை. பொருளும் ஒலியும் ஒருங்கே ஒத்திருப்பதால் அவ்வாறு எண்ணத் தோன்றுவது இயல்பே. ஆனால் இரு சொற்கள் உறவுடையவை என்று சொல்ல, இன்றைய ஒலிப்பை ஒப்பிட்டால் போதாது; அவற்றின் பழைய வடிவங்களையும் உறவு மொழிகளில் உள்ள இணைச்சொற்களையும் ஒப்பிட வேண்டும்.

அப்படிப் பார்த்தால், ‘ஆந்த்ரோஸ்’ என்பதில் ‘ந்’ என்பதற்கும் ‘ர்’ என்பதற்கும் இடையே உள்ள தகர ஒலி வேரைச் சேர்ந்ததன்று. ‘ன்ர்’ என்று சேர்த்து ஒலிப்பது கடினமாக இருப்பதால் கிரேக்கர் நாவில் இடையே புகுந்தது. முதலில் உள்ள அகரமும் மிகப் பழைய ஒரு தொண்டை ஒலியின் எச்சம். இவற்றை நீக்கினால் எஞ்சுவது ‘நர்’ என்ற பகுதி. வடமொழியின் ‘நர’ என்பதே அதன் உடன்பிறப்பு. நரன் என்றும் நரசிம்மன் என்றும் நாம் எழுதும் சொற்களில் உள்ளது அதுவே. பிற்பகுதியாகிய ‘எய்தோஸ்’ என்பதும் காணுதல், அறிதல் என்ற பொருளுள்ள பழைய வேரிலிருந்து வந்தது. வேதம், வித்தை ஆகிய வடசொற்கள் அதே வேரினவை. தமிழின் ‘ஆண்’ இந்தக் குடும்பத்தைச் சேராது. அதற்கு உறவினர் மலையாளம் முதலிய திராவிட மொழிகளில் இருக்கிறார்கள். நண்பர் தேடிய உறவு இல்லையென்றாலும், தமிழில் வந்து தங்கிய வேறு சில சொற்கள் வழியாக ஒரு தூரத்து உறவு இருக்கத்தான் செய்கிறது என்று அவரிடம் சொல்லலாம்.

கேள்வி: ரோபோ, ஆண்ட்ராய்டு இரண்டும் ஒன்றுதானா? வேறுவேறு என்றால் எங்கே வேறுபடுகின்றன?

பதில்: வேறுவேறு. ஆண்ட்ராய்டு உருவத்தைக் கொண்டு எழுந்த பெயர் என்று மேலே கண்டோம். ரோபோ உழைப்பைக் கொண்டு எழுந்த பெயர்.

செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதி, 1921 ஜனவரி 25 அன்று பிராக் நகரின் தேசிய அரங்கில் மேடையேறிய ‘ஆர்.யு.ஆர்.’ என்ற நாடகமே ரோபோ என்ற சொல்லின் பிறப்பிடம். செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்றால், நிலவுடைமையாளருக்குக் குடியானவர்கள் ஊதியமின்றிச் செய்து தீர வேண்டிய கட்டாய உழைப்பு. நம் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்று வருவதைப் போன்றது. அந்நாட்டில் அம்முறை 1848இல்தான் ஒழிக்கப்பட்டது என்பதால், நாடகம் பார்த்தவர்களுக்கு அச்சொல்லின் கசப்பு மறந்திருக்க வழியில்லை. பெயரைக் கண்டவர் தாம் அல்லர், ஓவியரான தம் அண்ணன் யோசெஃப் என்று காரெல் பின்னர் எழுதினார். உழைப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ஒரு பெயரைத் தாம் முதலில் எண்ணியிருந்ததாகவும், அது ஏட்டுச் சொல்லாகத் தோன்றியதால் அண்ணனிடம் கேட்டதாகவும் அவர் குறித்திருக்கிறார்.

வாசகர்கள் பலர் அறியாத செய்தி ஒன்று இங்கே உண்டு. அந்த நாடகத்தில் வரும் ரோபோக்கள் இரும்பாலும் பற்சக்கரங்களாலும் ஆனவை அல்ல. உயிர்ப்பொருளுக்கு மாற்றாகச் செயற்கைக் கலவை ஒன்றைக் கண்டுபிடித்து, அதிலிருந்து தசையும் நரம்பும் தனித்தனியே ஆக்கி, ஆலையில் பொருத்தி உருவாக்கப்பட்டவை அவை. பார்வைக்கு மனிதரிடமிருந்து பிரித்தறிய முடியாதவை. இன்றைய வழக்கின்படி அவற்றுக்கு ஆண்ட்ராய்டு என்பதே பொருத்தமான பெயர். மறுபுறம், இன்று ரோபோ என்ற பெயரோடு தொழிற்சாலைகளில் பற்றவைப்பு வேலை செய்யும் இயந்திரங்களில் பெரும்பாலானவை ஒற்றைக் கையாக மட்டுமே இருக்கின்றன. முகமும் இல்லை, காலும் இல்லை. ஒரு நூற்றாண்டுக்குள் ரோபோ என்ற சொல் தன் உடலை முற்றிலும் இழந்து, வேலையை மட்டும் தக்கவைத்துக்கொண்டது. அதன் வேர் உழைப்பில் இருந்ததால்தான் அது இயன்றது என்று நான் கருதுகிறேன். உருவத்தையே பொருளாகக் கொண்ட ஆண்ட்ராய்டு அவ்வாறு உடலை விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே ஆண்ட்ராய்டுகளை ரோபோ எனலாம்; எல்லா ரோபோக்களையும் ஆண்ட்ராய்டு என்று எழுதுவது பிழை.

‘சைபார்க்’ என்ற சொல்லையும் சிலர் இவற்றோடு குழப்புகிறார்கள். விண்வெளிச் சூழலுக்கு ஏற்பக் கருவிகளோடு இணைக்கப்பட்ட மனித உடலைக் குறிக்க 1960இல் மான்ஃப்ரெட் கிளைன்ஸ், நேதன் கிளைன் இருவரும் ஆக்கிய சொல் அது. உயிருள்ள உடல் ஒன்று இல்லாமல் சைபார்க் இல்லை.

கேள்வி: சொல்லிலேயே ஆண் இருக்கிறது என்றால், பெண் உருவில் செய்யப்படும் இயந்திரத்தை ஆண்ட்ராய்டு என்பது தவறாகாதா?

பதில்: வேர்ச்சொல்லை மட்டும் பார்த்தால் தங்கள் ஐயம் நியாயமானதே. கிரேக்க மொழியில் ஆண், பெண் இருபாலாரையும் அடக்கிய மனிதரைக் குறிக்க ‘ஆந்த்ரோபோஸ்’ என்று தனிச்சொல் உண்டு. மனிதவியலுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘ஆந்த்ரோபாலஜி’ என்ற பெயர் அதிலிருந்து வந்ததே. சொல்லை ஆக்கியவர்கள் பொதுச்சொல்லை விட்டு ஆண்பாற் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். மனிதன் என்றால் ஆண் என்று கொள்ளும் அக்கால வழக்கம் அதில் தங்கிவிட்டது. பொதுச்சொல்லோடு ‘ஆய்டு’ சேர்த்தால் கிடைக்கும் ‘ஆந்த்ரோபாய்டு’ பின்னர் மனிதக் குரங்குகளுக்குப் பெயராகிவிட்டதால், திருத்திக்கொள்ளவும் இடம் இல்லாமல் போயிற்று.

ஆனால் வழக்கு வேரை மீறிச் சென்று நெடுங்காலம் ஆகிறது. ஜாக்கே-த்ரோவின் மூன்று பொம்மைகளுள் இசைக்கருவி வாசிப்பது பெண் உருவம். அதையும் ஆண்ட்ராய்டு என்றே குறிப்பிடுகிறார்கள். 1886இல் வெளிவந்த ‘வருங்கால ஏவாள்’ என்ற பிரெஞ்சு நாவலில் வில்லியே த லில்-ஆதாம், செயற்கைப் பெண் ஒருத்தியைப் படைத்து, இதே சொல்லைச் சற்றுத் திரித்து ‘ஆந்த்ரெயீத்’ என்று அழைத்தார்; கற்பனை இலக்கியத்தில் இப்பெயர் வேரூன்ற அந்நாவல் பெருந்துணை செய்தது. ஆணின் பெயரைத் தாங்கிய சொல்லுக்குப் புகழ் தேடித் தந்தவள் ஒரு பெண்பாத்திரம். பெண்ணைக் குறிக்கும் ‘கூனே’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து ‘கைனாய்டு’ என்று ஒரு சொல்லைப் பிற்காலத்தார் ஆக்கியிருக்கிறார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் அறிபுனைகளிலும் அது வருகிறது, பொதுவழக்கில் ஊன்றவில்லை. என்னைக் கேட்டால், இருபாலுக்கும் ஆண்ட்ராய்டு என்றே எழுதலாம் என்பேன். இயந்திரத்துக்குப் பால் பிரித்துப் பெயர் வைப்பதால் தெளிவு ஏதும் கூடுவதாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: செய்திகளில் ‘ஹியூமனாய்டு’ என்ற சொல்லே அதிகம் வருகிறது. ஆண்ட்ராய்டு என்பதை ஏன் தவிர்க்கிறார்கள்?

பதில்: கைப்பேசி மென்பொருளோடு குழப்பம் வரும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், பொறியியலாளர்கள் இவ்விரண்டுக்கும் இடையே வேறுபாடு காண்கிறார்கள் என்பது. லத்தீன் மொழியின் ‘ஹூமானுஸ்’ என்ற சொல்லோடு கிரேக்க ‘ஆய்டு’ ஒட்டிய கலப்புச் சொல் ஹியூமனாய்டு. தலை, உடல், இரண்டு கை, இரண்டு கால் என்ற மனித உடலின் பொது அமைப்பு இருந்தாலே ஓர் இயந்திரம் ஹியூமனாய்டு ஆகிவிடும். அதன் மேற்புறம் வெறும் உலோகமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம். ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகத்தில் 1973இல் நிறைவுற்ற வாபாட்-1, ஹோண்டா நிறுவனம் 2000இல் அறிமுகப்படுத்திய ஆசிமோ ஆகியவை இவ்வகையின. தோல், முடி, இமைப்பு, முகபாவம் வரை மனிதரைப் போலவே தோன்றச் செய்தால்தான் ஆண்ட்ராய்டு என்கிறார்கள். ஒசாகா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோஷி இஷிகுரோ தம்மையே அச்சு அசலாகப் பார்த்து 2006இல் செய்துகொண்ட உருவம், சிலிகோன் தோலும், அழுத்தக் காற்றால் இயங்கும் உறுப்புகளும் கொண்டது. அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஜெமினாய்டு’. இரட்டையரைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு மீண்டும் அதே ‘ஆய்டு’.

இந்த வேறுபாடு வெறும் பெயர்ப் பிரிவினை அன்று. ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசஹிரோ மோரி 1970இல் எழுதிய ஒரு கட்டுரையில், இயந்திரம் மனிதரை ஒத்து வர வர நமக்கு அதன்மேல் ஈடுபாடு வளர்கிறது என்றும், ஏறத்தாழ மனிதரே என்று தோன்றும் நிலைக்கு வந்து, ஆனால் சிறு குறை தட்டுப்படும்போது அந்த ஈடுபாடு திடீரென்று சரிந்து அருவருப்பாகிவிடுகிறது என்றும் சொன்னார். இயல்பான கை என்று எண்ணிக் குலுக்கும்போது அது குளிர்ந்த செயற்கைக் கை என்று தெரிந்தால் ஏற்படும் திடுக்கீட்டை அவர் எடுத்துக்காட்டாகத் தந்தார். அந்தச் சரிவை அவர் பள்ளத்தாக்கு என்று அழைத்தார். முழு மனிதத் தோற்றத்தை நாடாமல், மனிதரை ஓரளவு ஒத்த வடிவத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது வடிவமைப்பாளர்களுக்கு அவர் கூறிய அறிவுரை. பழைய சொல்லில் இருந்த ‘போன்றது, ஆனால் அதுவன்று’ என்ற குறிப்பு, மனித மனத்தில் எவ்வளவு ஆழமாக உறைக்கிறது என்பதை மோரியின் கட்டுரை காட்டுகிறது.

கேள்வி: கைப்பேசி மென்பொருளுக்கு இப்பெயர் எப்படி வந்தது?

பதில்: ஆண்டி ரூபின் என்ற பொறியாளருக்கு ரோபோக்களின் மேல் இருந்த பற்றைக் கண்டு, அவர் ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றியபோது உடன் பணிபுரிந்தவர்கள் அவரை ஆண்ட்ராய்டு என்று அழைத்தார்கள். 2003இல் வேறு சிலரோடு சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனத்துக்கு அதுவே பெயராயிற்று. 2005இல் கூகுள் அந்நிறுவனத்தை வாங்கியது. 2008இல் முதல் கைப்பேசி விற்பனைக்கு வந்தது. ‘ஆண்டி’ என்பது ஆண்ட்ரூ என்ற பெயரின் சுருக்கம். ஆண்ட்ரூவும் அதே கிரேக்க ‘ஆந்த்ரோஸ்’ வழிவந்த பெயரே.

கேள்வி: ஆண்ட்ராய்டு என்பதற்குத் தமிழில் எதை எழுதலாம்? ‘எந்திரன்’, ‘இயந்திர மனிதன்’ என்றெல்லாம் எழுதுகிறார்களே.

பதில்: எந்திரன் என்பது அழகான சொல். ஆனால் ‘அன்’ விகுதி சேர்ந்ததால், கிரேக்கச் சொல்லில் உள்ள அதே ஆண்பால் இங்கேயும் ஒட்டிக்கொள்கிறது. மேலும் ரோபோ, ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் அதையே எழுதுவதால் உருவம் பற்றிய வேறுபாடு மறைந்துபோகிறது. இயந்திர மனிதன் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு: அது மனிதன் என்று முடிகிறது. மனிதனைப் போன்ற இயந்திரத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் இயந்திரத்தைப் போன்ற மனிதனைச் சொல்லிவிடுகிறது.

பழந்தமிழில் இக்கருத்துக்கு மிக நெருங்கிய சொல் பாவை. கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளது போல மயக்குவதை ‘உயிர்மருட்டி’ என்ற ஒரே சொல்லால் வள்ளுவர் குறிக்கிறார். ஆண்ட்ராய்டின் ‘ஆய்டு’ சொல்வதை இதைவிடச் செறிவாக யாரும் சொன்னதாக நான் அறியேன். பாவை என்றால் பெண் என்றும் பொருள்படுவதால், கிரேக்கச் சொல்லில் ஆண் இருப்பது போல இதில் பெண் இருக்கிறாள். கவிதைக்கும் கதைக்கும் பாவை பொருந்தும். பொறியியல் கட்டுரையில் அதை வெறும் பொம்மை என்று வாசகர் பிழைபடக் கொள்ளக்கூடும்.

ஆதலால் உரைநடையில் மனிதவுரு எந்திரம் என்று எழுதுவதையே நான் விரும்புகிறேன். உரு முன்னே நிற்கிறது, எந்திரம் என்ற உண்மை இறுதியில் நிற்கிறது, பால் வேறுபாடும் இல்லை. தோல், முடி, முகபாவம் வரை மனிதரை ஒத்த வகையை ஹியூமனாய்டிலிருந்து பிரித்துக்காட்ட வேண்டிய கட்டுரைகளில், ஆண்ட்ராய்டு என்ற சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதி, முதல் இடத்தில் மட்டும் ஒரு வரி விளக்கம் தந்துவிட்டால் போதும்.